தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி



போன வாரம் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பிள்ளை ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். குடும்ப நல சர்வே எடுக்கும் வேலை கிடைத்திருக்கிறதாம். "டீச்சர், மத்ததெல்லாம் கேட்டுருவேன். வீட்டுக்காரர் அடிக்கிறாரான்னு ஒரு பகுதி இருக்கு. அதை எப்படிக் கேக்க?" என்றாள்.

நானும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போனவள்தான். திண்ணையில் உட்கார்ந்து, தெருவே சுற்றி நிற்க, குடும்பத் தலைவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடுவோம். இந்தக் கேள்விக்கு அது ஆகாது. மாமியார் காதில் விழுந்தால் அன்று ராத்திரியே அந்தப் பெண்ணுக்கு அடி விழலாம். அதனால்தான் தேசிய குடும்ப நல ஆய்வில் இந்தப் பகுதியை ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் கேட்கிறார்கள். தனிமை கிடைக்காவிட்டால் கேட்கக் கூடாது என்பது விதி.

கேட்கும் விதமும் முக்கியம். "உங்க வீட்ல கொடுமை உண்டா?" என்றால், "அதெல்லாம் இல்லம்மா" என்றுதான் பதில் வரும். "அறைஞ்சிருக்காரா? முடியைப் பிடிச்சு இழுத்திருக்காரா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால், "அது எல்லா வீட்லயும் நடக்கிறதுதான" என்று உண்மை வெளியே வரும். அப்போது முகத்தில் அதிர்ச்சியோ பரிதாபமோ காட்டாமல் இருக்கப் பழக வேண்டும். யாராவது உள்ளே வந்தால் பேச்சைச் சட்டென்று தடுப்பூசிக்கு மாற்றத் தெரிய வேண்டும்.

இதெல்லாம் அனுபவத்தில் தானாக வராது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்காகச் செர்பியாவில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சர்வே வேலையில் பழகியவர்களுக்குச் சுருக்கமான பயிற்சி, புதியவர்களுக்கு முழுப் பயிற்சி. புதியவர்களிடம்தான் கூடுதலான பெண்கள் மனம் திறந்தார்கள். பயிற்சி நாளைக் குறைத்துச் செலவை மிச்சம் பிடித்தால், மிஞ்சுவது பொய்க்கணக்குதான்.

2019-21 ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். இந்திய அளவில் வன்முறைக்கு ஆளானவர்களில் நூற்றுக்கு 77 பேர் யாரிடமும் சொன்னதில்லை, உதவியும் கேட்டதில்லை. அப்படியென்றால், பல பெண்களுக்குக் காது கொடுக்கும் முதல் ஆள் நம் பிள்ளைதான். உதவி கேட்டால் 181 என்ற எண்ணைச் சொல்லிவிட்டு வா என்றேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கோவில்பட்டிப் பக்கம் ஒற்றை அறை வீடுகளில் தனிமை என்பது நாம் மனசு வைத்தால்தான் உண்டு. சர்வே பிள்ளை வந்து, "அக்காகிட்ட தனியாப் பேசணும்" என்றால், ஆண்கள் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். மதினி, அத்தைமாரே, நீங்கள் ஒட்டும் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்துத் திண்ணைக்குப் போங்கள். "என்ன கேட்டா?" என்று பிறகு துருவாதீர்கள்.

அரைமணி நேரம்தான். அவள் பேசட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்