வீட்டுக்கு சிசிடிவி வாங்குறீங்களா? மெகாபிக்சலுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்விகள்

ஊரில் தனியாக இருக்கும் அப்பா, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு கேமரா. குழந்தை தூங்கும் அறையில் இன்னொன்று. ஆன்லைனில் ஆர்டர் போட்டு, வைஃபையில் இணைத்து, மொபைலில் ஆப்பைத் திறந்தால் வீடு கண்முன்னே! வாங்கும்போது விலை, மெகாபிக்சல், நைட் விஷன் எல்லாம் பார்க்கிறோம். ஆனால், ‘இந்தக் காட்சியை நம்மைத் தவிர வேறு யார் பார்க்க முடியும்?’ என்று பெரும்பாலும் கேட்பதில்லை.

ராஜ்கோட்டில் என்ன நடந்தது?

குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் உள்ள ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி காட்சிகள் 2025 பிப்ரவரியில் யூடியூப், டெலிகிராமில் வெளியாகின. பெண் நோயாளிகளை மருத்துவர்கள் பரிசோதிக்கும் காட்சிகள் அவை. இந்த வழக்கில் பலர் கைது செய்யப்பட்டனர். கேமரா அமைப்பின் பாஸ்வேர்டு யாரும் எளிதில் யூகிக்கக்கூடியதாக இருந்தது என்று பின்னர் செய்திகள் வந்தன.

இது புதிய கதை இல்லை. 2016-ல் ‘மிராய்’ என்ற மால்வேர், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் உலகம் முழுக்கத் தேடிப் பிடித்தது. அதன் கையில் இருந்தது சுமார் 60 யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகள் மட்டுமே. அந்தக் கருவிகளை வைத்து அக்டோபர் 21 அன்று நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவில் முடங்கின.

பெரிய பிராண்டு என்றால் பயமில்லையா?

அப்படியும் சொல்ல முடியாது. அமேசானின் ‘ரிங்’ நிறுவன ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட வீடியோக்களைப் பார்க்க முடிந்தது என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2023-ல் குற்றம்சாட்டியது. வழக்கை முடிக்க 58 லட்சம் டாலர் செலுத்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. வீடியோ எங்கே சேமிக்கப்படுகிறது என்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதிதான்.

அரசு என்ன செய்திருக்கிறது?

சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்பு விதிமுறைகளை மத்திய மின்னணு அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவித்தது. 2025 ஏப்ரல் 9 முதல் அவை நடைமுறைக்கு வந்தன. இதன்படி கேமராவின் ஹார்டுவேர், மென்பொருள், தகவல் பரிமாற்றம் எல்லாம் ஆய்வகத்தில் சோதிக்கப்பட வேண்டும். நல்ல விஷயம்தான். ஆனால், இது சந்தைக்கு வரும் கேமராக்களுக்கான விதி. நம் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே மாட்டியிருப்பதை இது மாற்றாது.

வாங்கும் முன் எதைப் பார்க்கணும்?

* பெட்டியில் பிஐஎஸ் முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா? ‘பிஐஎஸ் கேர்’ ஆப்பில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். இது குறைந்தபட்சத் தகுதி மட்டுமே.

* எத்தனை வருஷம் அப்டேட் வரும்? இதைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டமே இருக்கிறது. இங்கேயும் கேட்டு வாங்குங்க. அப்டேட் நின்றுபோன கேமராவில் புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் இருக்காது.

* ஓடிபி போன்ற இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு உண்டா? இருந்தால், பாஸ்வேர்டு கசிந்தாலும் உள்ளே நுழைவது கடினம்.

* மெமரி கார்டிலேயே சேமிக்கும் வசதி இருக்கிறதா? எல்லாவற்றையும் கிளவுடுக்கு அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை.

ஏற்கெனவே மாட்டியாச்சு, இப்போ?

முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கேமராவுக்கு மட்டுமல்ல, வைஃபை ரவுட்டருக்கும். கேமரா மாட்டிய டெக்னீஷியன் வைத்த பாஸ்வேர்டு அவருக்கும் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். ஆப்பில் யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று பார்த்து, தேவையில்லாதவர்களை நீக்குங்கள். ரவுட்டரில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’ வசதி இருந்தால் கேமராவை அதில் இணையுங்கள். வங்கி ஆப் இருக்கும் மொபைலும் கேமராவும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டியதில்லை.

இவ்வளவு செய்தும் முழு உத்தரவாதம் கிடையாது. அதனால் கேமராவை எங்கே மாட்டுவது என்பதும் முக்கியம். வாசலுக்கும் மாடிப்படிக்கும் சரி. படுக்கையறைக்கும் உடை மாற்றும் இடத்துக்கும் வேண்டவே வேண்டாம். எடுக்கப்படாத வீடியோ எங்கேயும் கசியாது.