முதற்சோதனை இருவருக்கும்

மணமாகி ஈராண்டு கடந்த பெண்ணிடம் வடசென்னை வண்ணாரப்பேட்டையின் உறவும் சுற்றமும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: 'இன்னும் விசேஷம் இல்லையா?' கணவனிடம் இதை எவரும் கேட்பதில்லை. மருத்துவமனைக்கும் அவளே போகிறாள், துணைக்குத் தாயோ மாமியாரோ. ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, மாத்திரை என்று மாதங்கள் கழிந்து, கைவளையல் அடகுக்கடை ஏறிய பின்னரே கணவனின் விந்துப் பரிசோதனை பற்றிய பேச்சு மெல்ல எழுகிறது. சிகிச்சைத் தேர்வில் நேரும் பிழைகளுள் பெரும்பாலானவை இந்தத் தலைகீழ் வரிசையில்தான் தொடங்குகின்றன.

குழந்தைப்பேறு தாமதமாகும் தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆணின் குறைபாடும், தனித்தோ பெண்ணின் குறைபாட்டோடு சேர்ந்தோ, காரணமாகிறது. அதை அறியும் முதற்சோதனையோ மிக எளியது. சில நூறு ரூபாயில் முடிவது. இரண்டு முதல் ஏழு நாள் உறவு தவிர்த்துக் கொடுக்கும் மாதிரியில், மில்லிலிட்டருக்கு ஒரு கோடியே 60 இலட்சம் விந்தணுக்கள் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு கீழெல்லையாகக் குறிக்கிறது. எண்ணிக்கை குறைந்திருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாத அளவு ஆகும். ஆகவே மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்கவேண்டும். அந்த இடைவெளியில் திருத்தக் கூடியவை பல. விதைப்பைக்கு உடலை விடக் குறைந்த வெப்பம் வேண்டும். உலையருகே உழைப்பவரும், எண்ணூர் சாலையில் துறைமுக வாயிலுக்காகச் சூடேறிய கண்டெய்னர் லாரியில் மணிக்கணக்கில் காத்துக் கிடப்பவரும் தம் வேலைச்சூழலை மருத்துவரிடம் சொல்லவேண்டும். புகையும் மாவா போன்ற மெல்லும் புகையிலையும் கேடு. உடற்பயிற்சிக் கூடங்களில் தசை வளர்க்க இரகசியமாகப் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி, விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும் என்பதை நம் இளைஞர்களுக்கு யார் எடுத்துச் சொல்வது?

காரணம் தெளிந்தால் சிகிச்சையும் தெளியும். நீர்க்கட்டிச் சிக்கலால் கருமுட்டை வெளிவராதவருக்கு லெட்ரோசோல் மாத்திரையே பல நேரங்களில் போதும். சினைக்குழாய் திறந்திருந்து, விந்தணுவில் சிறு குறையே இருப்பின், விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. முறையைச் சில சுற்றுகள் முயலலாம். சுற்றுக்குப் பத்தில் ஒரு பங்கோ சற்றுக் கூடுதலோதான் வாய்ப்பு என்பதை முன்னரே சொல்லிவிடுவது நேர்மை. இரு குழாய்களும் அடைபட்டவருக்கு அதே ஐ.யு.ஐ. வீண்செலவு, அவருக்கு உடலுக்கு வெளியே கருவுறச் செய்யும் ஐ.வி.எஃப். வேண்டும். இந்நாட்டில் குழாய் அடைப்புக்குக் காசநோயும் ஒரு காரணம் என்பதால் அதையும் ஆராய வேண்டும். விந்தணு மிகக் குறைந்தவருக்கு உரியது, ஒற்றை விந்தணுவைக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி. விந்தணு நன்றாயிருப்பவருக்கும் அதை வழக்கமாகச் செய்வதால் கூடுதல் பலன் இல்லை. முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட பெண் ஓராண்டு முயன்று பார்க்கலாம். அதற்கு மேற்பட்டவர் ஆறு மாதத்திலேயே மருத்துவரைக் காண்பது நலம். நாற்பதைக் கடந்தபின் எந்தக் கருவியாலும் வயதை வெல்வது அரிது.

ஆட்டோவின் முதுகிலும் பேருந்து நிழற்குடையிலும் மின்னும் விளம்பரங்கள் இந்த வேறுபாடுகளைச் சொல்வதில்லை. வெற்றி விழுக்காடு என்று அச்சிடுவது எதை? சிறுநீர்ச் சோதனையில் கோடு தெரிந்ததையா, உயிருடன் பிறந்த குழந்தையையா? எந்த வயதினரிடையே? இவற்றைக் கேட்பது தம்பதியரின் உரிமை. 2021-ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம், அந்த மையத்தில் உள்ள வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு, பல்கரு அபாயம் ஆகியவற்றைச் சிகிச்சைக்கு முன்பே விளக்குமாறு பணிக்கிறது. அச்சட்டப்படி கருமுட்டைக் கொடையாளரின் வயது 23 முதல் 35 வரை. வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம். இவ்வளவும் எழுத்தில் இருந்தும், ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகள் போலி ஆதார் அட்டையின் துணையோடு பலமுறை விற்கப்பட்ட கொடுமை 2022-இல் வெளிவந்தது. ஒரு தம்பதியின் ஏக்கத்தை இன்னொரு குடும்பத்தின் வறுமையைக் கொண்டு தீர்க்க முனையும் இந்த வணிகத்தைச் சட்டநூல் மட்டும் தடுத்துவிடாது. ஓயாத ஆய்வு வேண்டும்.

தனியார் மையத்தில் ஒரு ஐ.வி.எஃப். சுற்றுக்கே இலட்சத்துக்கும் மேல் ஆகும். ஒரு சுற்றில் முடிவதென்பது உறுதியுமில்லை. எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்பு மையத்தை அரசு தொடங்கியிருப்பதை மனமாரப் பாராட்டுகிறோம். வண்ணாரப்பேட்டையிலிருந்து சென்ட்ரலில் மாறினால் மெட்ரோவிலேயே சேர்ந்துவிடலாம். ஆயினும் ஒரு சுற்றில் பத்து நாளுக்கு மேல் அன்றாடம் ஊசி, இடையிடையே ஸ்கேன். நாட்கூலிக்கு மீன் தரம் பிரிக்கும் காசிமேட்டுப் பெண்ணும், எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் நின்றே உழைப்பவளும் இத்தனை நாள் வேலை இழந்து தாங்க முடியாது.

ஆகவே தொடக்கப் பரிசோதனைகளும் ஐ.யு.ஐ. வரையிலான சிகிச்சையும் வீட்டருகே கிடைக்க வேண்டும். இராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையிலும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும், கணவன் மனைவி இருவரையும் ஒரே சீட்டில் பதிந்து ஒரே நாளில் பரிசோதிக்கும் பிரிவு, ஷிப்ட் முடிந்து வருவோருக்காக மாலையிலும் ஞாயிறன்றும் இயங்க வேண்டும். கணவன் வராத இடத்தில் மனைவிக்கு ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்குவதில்லை என்பதை அந்தப் பிரிவு தன் முதல் விதியாக ஏற்கட்டும். வரும் நிதிநிலை அறிக்கையிலேயே சுகாதாரத் துறை இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.