காலைக் கட்டிவிட்டு அறிவை வளர்ப்பதா?

பெண்ணாய்ப் பிறந்ததற்காகவே பச்சிளங் குழவியைக் கொன்ற கொடுமையைத் தடுக்க, 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு முதன்முதல் தொடங்கியது சேலம் மண்ணில்தான். நாமக்கல் அன்று சேலத்தோடு இருந்தது. 1997-இல் தனி மாவட்டமாயிற்று. தொட்டிலில் உயிர் பிழைத்த பெண்ணினத்தை இன்று எங்கே வைத்திருக்கிறோம்? கூண்டில்!

நாமக்கல்லின் முட்டைக்கோழி கூண்டுக்குள் நின்றே தின்று, நின்றே முட்டையிடும். இப்பகுதியின் மதிப்பெண் பள்ளிகளையும் ஊரார் கோழிப்பண்ணை என்றே எள்ளினர். எள்ளியவரே வரிசையில் நின்று தம் மக்களைச் சேர்த்தனர். பொதுத்தேர்வில் முதலிடம் பெற்றோர் பட்டியலை 2017-இல் அரசு கைவிட்டது. பெற்றோர் நெஞ்சிலுள்ள பட்டியலோ அழியவில்லை. விளையாட்டு வேளையைக் கணக்குப் பாடம் விழுங்குகிறது. ஆண்பிள்ளையேனும் மாலையில் தெருவுக்கு ஓடிவிடுகிறான். பெண்பிள்ளைக்கோ 'அடக்கம்' என்னும் இன்னொரு பூட்டு! பூப்பெய்திவிட்டால் முற்றத்துக்கும் தடை!

ஆடினால் படிப்புக் கெடும் என்கின்றனர். கெடுமா? ஐந்தாங்கல்லைப் பாருங்கள். ஒரு கல்லை மேலே எறிந்து, அது விழுமுன், கீழே கிடக்கும் நான்கையும் முதலில் ஒவ்வொன்றாகவும், பின் இரண்டிரண்டாகவும், அப்பால் மூன்றும் ஒன்றுமாகவும், முடிவில் ஒருசேரவும் அள்ளவேண்டும். கண் அளக்கிறது, விரல் பிரிக்கிறது, எண் விளங்குகிறது. பாண்டியில் சில்லெறிந்து ஒற்றைக் காலில் தாவுபவள், தொலைவையும் விசையையும் உடலின் நிலைப்பையும் நொடியில் கணிக்கிறாள். உடலசைவை ஒழுங்குசெய்யும் சிறுமூளைக்கு அறிவுத் தொழிலிலும் பங்குண்டு என்கிறது இற்றை அறிவியல். ஓடியாடும் பிள்ளைகளிடம் ஒன்றில் ஊன்றும் திறனும் தன்னை ஆளும் திறனும் மேம்படுவதை ஆய்வுகள் காட்டுகின்றன.

5 முதல் 17 அகவையினர் நாளொன்றுக்கு 60 மணித்துளியேனும் ஓடியாடவேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை. 146 நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி அதன் ஆய்வர் 2019-இல் வெளியிட்ட கணக்கின்படி, 11 முதல் 17 அகவைப் பெண்களில் நூற்றுக்கு 85 பேர் அவ்வளவு ஆடவில்லை. ஆண்களில் 78 பேர்.

இஃது அயலார் நமக்குக் கற்பித்த புதுமையன்று. கழங்கும் பந்தும் ஊசலும் சங்கப் பெண்களின் ஆடல்கள். தோழியரோடு ஓரையாட விடாமல் இளம்பெண்ணை வீட்டில் அடைப்பது நெறியன்று, அதனால் வளமும் குன்றும் என்று அன்னைக்கு எடுத்துரைப்பார் யாரேனும் கிடைப்பரோ என ஏங்குகிறாள், பிரான் சாத்தனார் பாடிய நற்றிணை 68-ஆம் பாட்டின் தோழி. பெண்ணைப் பூட்டுவதே தமிழ் மரபு என்பவன் தமிழும் அறியான், மரபும் அறியான்!

அத்தோழி தேடிய ஆள் நாமாவோம். தமிழ்ப் பெற்றோரே! பள்ளியில் சேர்க்குமுன் மதிப்பெண் கணக்கைக் கேட்கும் நீங்கள், "ஆடுகளம் எங்கே? என் மகள் அதில் நாள்தோறும் எவ்வளவு பொழுது ஓடுவாள்?" என்றும் கேளுங்கள். விளையாட்டு வேளையைப் பிற பாடம் பறித்தால் தட்டிக் கேளுங்கள். பூப்புக்குப் பின்னும் களத்துக்கு அனுப்புங்கள். தொட்டிலில் காத்த உயிரைக் கூண்டில் அடைப்பது காப்பாகாது. கட்டவிழ்த்து விடுங்கள், ஓடட்டும் நம் பெண்கள்!