எவ்வளவு கூலி என்று கேட்காதீர்கள், எத்தனை நாள் வேலை என்று கேளுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

"தோட்டத்துப் பெற்றோருக்குப் பிள்ளைகள் மேல் அக்கறை கிடையாது." குருவிட்டப் பக்கத்தில் படிப்பிக்கும் எமக்கு இந்த வசனம் மனப்பாடம். கூட்டத்துக்குப் போனாலும் கேட்கிறோம், பஸ்ஸில் ஏறினாலும் கேட்கிறோம். பிள்ளை பாடசாலைக்கு வரவில்லையா? தகப்பன் குடிகாரன். தாய் வெளிநாடு போய்விட்டாளா? பொறுப்பில்லாதவள். 15 வயதுப் பொடியன் கொழும்பில் கடையில் நிற்கிறானா? படிப்பு ஏறாது.

இதை நாம் மறுக்கிறோம். இந்த வீடுகளில் முதலில் போனது வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் போனவை.

"யாருக்கு வேலை போனது? தோட்டத்தில் ஆள் இல்லை என்றல்லவா சொல்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். தோட்டத்தில் வேலை போவது கடிதம் கொடுத்தல்ல. செக்றோலில் பெயர் அப்படியே இருக்கும். ஆறு நாள் வேலை மூன்று நாளாகும். நிறை போதவில்லை என்று அரைப்பேர் விழும். மீதி நாளில் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கச் சொல்வார்கள். கைக்காசுக்குப் பெரும்பாலும் சேமலாப நிதியும் இல்லை, பேரும் இல்லை. இறப்பர் மலையில் இன்னும் மோசம். எமது பக்கம் மழை நாடு. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, பால்வெட்டு இல்லாவிட்டால் அடுப்பும் இல்லை.

ஆனால் மேடையில் பேசப்படுவது நாட்கூலி மட்டும்தான். 2021இல் 1000 ரூபாய் என்று வெடி கொளுத்தினோம். 2024இல் 1350 ஆனது. பிறகு 1750 என்றார்கள். தரம் 5 பிள்ளையிடம் கொடுக்கக்கூடிய ஒரு கணக்கு: 1000 ரூபாய்க்கு 25 நாள் வேலை செய்தால் 25,000. 1750 ரூபாய்க்கு 12 நாள் வேலை செய்தால் 21,000. கூலி ஏறியது, வீட்டுக்கு வந்த காசு இறங்கியது. இடையில் 2022இல் அரிசி, மா, மண்ணெண்ணெய் விலை எங்கே போனது என்று உங்களுக்கே தெரியும்.

கம்பனிகளுக்கும் நியாயம் இருக்கிறது. உற்பத்திச் செலவு கூடியது உண்மை. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்து கொழுந்தை விழுத்தியது அரசாங்கம், அதுவும் உண்மை. ஆனால் அந்த நட்டத்தை லயத்துக் குடும்பத்தின் வேலை நாட்களிலிருந்து கழிப்பது எந்த ஊர் நியாயம்?

நாட்கள் குறைந்தால் வீட்டில் நடப்பதை வரவுப் பதிவேட்டிலேயே வாசிக்கலாம். முதலில் கடைக் கொப்பியில் கடன் ஏறும். பிறகு தோடு அடகுக்குப் போகும். பிறகு நுண்கடன்காரன் வாசலில் நிற்பான். அவன் வரும் நாளில் பெரியவர்கள் ஒளிந்துகொள்வார்கள், "அம்மா இல்லை" என்று சொல்ல ஒரு பிள்ளை வீட்டில் நிற்க வேண்டும். அந்த நாளில்தான் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுகிறது. பிறகு தகப்பன் கொழும்புக்குக் கட்டட வேலைக்கு, அல்லது மாணிக்கக் குழிக்கு. அதுவும் போதாவிட்டால் தாய் குவைத்துக்கோ சவூதிக்கோ. பிள்ளை பாட்டியிடம்.

எல்லோருமாக வெளியே போய்ப் பிழைக்கலாமே என்றால், லயக் காம்பரா இருக்கிறது. அது தோட்டத்தின் சொத்து. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போடாவிட்டால் காம்பராவைக் கேட்பார்கள் என்ற பயம் இன்னும் போகவில்லை. ஆகவே பட்டினி போடும் வேலையை ஒருவர் கூரைக்காகப் பிடித்துக்கொண்டு கிடக்க, மற்றவர் சோற்றுக்காக ஊரை விட்டுப் போகிறார். குடும்பத்தைப் பிரிப்பது குடியா, இந்த ஏற்பாடா? குடி இல்லை என்று நாம் சொல்லவில்லை. வேலையில்லாமல் லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆணுக்கு அது சுலபமாகக் கிடைக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறோம்.

2025 மே மாதம் கட்டுநாயக்கவில் நெக்ஸ்ட் ஆடைத் தொழிற்சாலை மூடப்பட்டு 1,400க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். பலருக்குச் செய்தி வந்தது வட்ஸ்அப்பில். நாடே பேசியது, பேசத்தான் வேண்டும். தோட்டத்தில் வேலை நாள் நாளாகத் தேய்வதால் செய்தியும் இல்லை, வட்ஸ்அப்பும் இல்லை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், தொழிலாளியின் எழுத்துமூல சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் வேலையை நிறுத்தக்கூடாது என்கிறது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். தற்காலிகமாக வேலை கொடுக்காமல் விடுவதையும் அது வேலை நிறுத்தமாகவே கணக்கெடுக்கிறது. இந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வேலை நாட்கள் பாதியான மலைக்கு எந்தத் தொழிற்சங்கத் தலைவர் வந்தார்? கடைசியில் தொழிலாளியே சலித்து விலகுவார். பணிக்கொடை கிடைக்கும், வேலை இழந்த நட்டஈடு கிடைக்காது. "அவராகத்தான் போனார்" என்று கோப்பு மூடப்படும்.

எமது முஸ்லிம் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. ரமழானில் லயத்துக்கு உலருணவுப் பொதி கொண்டுபோகிறோம். அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும். ஆனால் வியர்வை காயுமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் எமது மார்க்கம். எமது கடையில் 15 வயதுப் பிள்ளை நின்றால், 16 வயது வரை கல்வி கட்டாயம் என்ற சட்டம் எமக்கும்தான். பிள்ளையை அனுப்பிவிட்டு அவனுடைய தகப்பனுக்கு அந்த வேலையைக் கொடுங்கள்.

நாம் கேட்பது நான்கு. தோட்டம் கொடுத்த வேலை நாட்கள் எத்தனை என்பது ஒவ்வொரு மாதமும் சம்பளச் சிட்டையில் எழுதப்பட வேண்டும். நாட்கள் விழுந்தால் தொழில் திணைக்களம் முறைப்பாட்டுக்குக் காத்திராமல் வர வேண்டும். காம்பராவும் காணியும் வேலையிலிருந்து பிரிக்கப்பட்டு குடும்பத்தின் பெயருக்கு வர வேண்டும். வேலை இழந்தவருக்குக் காப்புறுதி இல்லாத இந்த நாட்டில் அதை உருவாக்கும்போது தோட்டத் தொழிலாளியையும் கைக்காசுக்காரரையும் முதல் வரியில் எழுத வேண்டும்.

அடுத்த முறை யாராவது "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்றால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: போன மாதம் அந்தத் தாய்க்கு எத்தனை நாள் வேலை கொடுத்தார்கள்?

சரியென்று பட்டால் பகிருங்கள். மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறோம்.