காளான் பொறுக்குகிறவளின் அறிவு

'அவளுக்கு அதெல்லாம் கைவந்த கலை' என்று யாராவது ஒரு பெண்ணைப் புகழ்ந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. அந்தப் புகழ்ச்சிக்குள் ஒரு திருட்டு நடக்கிறது. ஆண் கற்றுக்கொண்டது அறிவு. அதற்குப் பட்டமும் சம்பளமும் உண்டு. பெண் கற்றுக்கொண்டது கைப்பக்குவம், உள்ளுணர்வு. அதற்குக் கூலி, ஒரு புன்னகை.

இம்பாலின் இமா கெய்தெலைப் பாருங்கள். 'அம்மா சந்தை' என்று பொருள். பெண்கள் மட்டுமே கடை போடும் சந்தை. 1939இல் அரிசி ஏற்றுமதியை எதிர்த்து மணிப்பூர் பெண்கள் நடத்திய 'நூபி லான்' போராட்டத்தில் இந்தச் சந்தைக்காரிகளும் இறங்கினார்கள். மணிப்பூரில் கங்லாயென் என்ற காட்டுக் காளானை விரும்பிச் சாப்பிடுகிறார்கள். பட்ட மரத்தில் தட்டுத்தட்டாக ஒட்டி வளர்வது. மழைக்காலத்தில் நம் ஊர் விறகுக் கட்டையிலும் பார்த்திருப்பீர்கள், நாம் சீண்டுவதில்லை.

அதை அடையாளம் காண என்னவெல்லாம் தெரிய வேண்டும்? மண்ணில் முளைத்திருந்தால் அது இல்லை. மரத்தில் இருக்க வேண்டும். விசிறி வடிவம், தண்டு இல்லை அல்லது இருப்பதே தெரியாது. அகலம் பெரும்பாலும் 1 முதல் 4 செ.மீ. மேலே சாம்பல் கலந்த வெள்ளையில் பூனைமயிர். பிறகு கவிழ்த்துப் பார்க்க வேண்டும்: அடியிலுள்ள செவுள்கள் ஒவ்வொன்றும் விளிம்பில் நீளவாக்காகப் பிளந்திருக்கும். காய்ந்தால் பிளவுகள் சுருண்டு மூடும். ஈரம் பட்டால் மறுபடி விரியும். முற்றியது தோல்போல இருக்கும். இளசைத்தான் எடுக்க வேண்டும். ஓர் அடையாளம் பொருந்தாவிட்டாலும் கூடையில் சேர்க்கக் கூடாது.

இடம், உருவம், அமைப்பு, பருவம், விலக்கல். கல்லூரியில் இதற்கு வகைப்பாட்டியல் என்று பெயர். 1815இல் எலியாஸ் ஃப்ரீஸ் இந்தக் காளானுக்கு ஸ்கிசோஃபில்லம் கம்யூனே என்று பெயரிட்டார். அவர் பார்த்த பிளவைத்தான் பொறுக்குகிறவளும் பார்க்கிறாள். அவர் விஞ்ஞானி, இவளுக்கோ 'கைவந்த கலை'.

படித்த பெண்ணுக்கும் இதே கதைதான். காளான் வித்துகள் முளைப்பதைப் பற்றி பியாட்ரிக்ஸ் பாட்டர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1897இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் முன் வைக்கப்பட்டது. பெண் என்பதால் அந்தக் கூட்டத்தில் அவருக்கு இடமில்லை. ஓர் ஆண்தான் கட்டுரையைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவருக்கு இழைத்தது அநீதி என்று சங்கம் ஒப்புக்கொள்ள நூறு ஆண்டுகள் ஆயின.

அப்படியானால் பாட்டி சொன்னதெல்லாம் சரியா? இல்லை. வெள்ளிக் கரண்டி கறுத்தால் விஷம், பூச்சி அரித்திருந்தால் நல்லது, நன்றாக வேகவைத்தால் விஷம் போய்விடும் என்பவை யார் சொன்னாலும் தவறு. கொடிய அமனிட்டா காளான்களின் நஞ்சு கொதித்தாலும் அழியாது. சாப்பிட்டு 6 மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, பேதி. அது அடங்கியதுபோல் தோன்றும்போதே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். அன்றைக்கு மட்டும் யாரும் 'உள்ளுணர்வு' என்று சொல்வதில்லை. சமைத்தவள் மேல்தான் பழி.

இதனால்தான் இந்தப் புகழ்ச்சியை மறுக்கிறேன். அறிவு என்றால் சோதிக்கலாம், திருத்தலாம், அடுத்தவளுக்குக் கற்றுக்கொடுக்கலாம். உள்ளுணர்வு என்றால் கேள்வி கேட்க முடியாது. தவறும் அப்படியே பரம்பரையாக வரும்.

மாணவிகளே, இதைப் படித்துவிட்டுக் காளான் பறிக்கக் கிளம்பாதீர்கள். படத்தையும் செல்பேசிச் செயலியையும் நம்பி எதையும் வாயில் வைக்காதீர்கள். தெரிந்தவளுடன் பல மழைக்காலம் நடந்து கற்க வேண்டிய விஷயம் இது. சந்தேகம் வந்தால் 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். மிச்சத்தையும் வீணாக்காமல் சாப்பிடப் பழக்கப்பட்ட நமக்கு அந்தச் சொல் அவ்வளவு சுலபமாக வராது.

உங்கள் துறையில் காளான் பயிலரங்கு நடந்தால், பொறுக்குகிறவளை அழைக்கச் சொல்லிக் கேளுங்கள். தகவல் கொடுப்பவளாக வேண்டாம்; ஆசிரியராக, அதற்குரிய சம்பளத்தோடு.