கறிவேப்பிலையை ஒதுக்கலாமா?

காரியம் முடிந்ததும் கைவிடப்பட்டவர், "என்னைக் கறிவேப்பிலையாக நினைத்துவிட்டார்கள்" என்று வருந்துவார். வாசம் குழம்பில் இறங்கியபின் இலைக்குத் தட்டோரம்தான் இடம் என்று நாம் பழகிவிட்டோம். ஆனால், இந்த இலைக்கு நாம் செய்யும் அநீதி தட்டோடு முடியவில்லை என்பதே என் கருத்து.

அதன் பெயரைப் பாருங்கள். வேப்பிலையின் தோற்றம், கறிக்கு உதவும் குணம் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினர் நம் முன்னோர். இங்கே இரவுச் சந்தையில் அது 'டாவுன் காரி'. மலாய்மொழியின் 'காரி'யும் நம் 'கறி'தான். ஆனால் அறிவியல் பெயரில் இருப்பவரோ ஓர் ஐரோப்பியர். 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த யோகான் கோனிக், அங்குள்ள செடிகளைத் திரட்டிக் குறிப்பெழுதித் தம் ஆசிரியர் லின்னேயசுக்கு அனுப்பினார். 1771இல் லின்னேயசு இம்மரத்திற்குச் சூட்டிய பெயர் 'பெர்கெரா கோனிகீ'. பின்னர் 'முர்ரயா கோனிகீ' என்று மாற்றப்பட்டபோதும் கோனிக் பெயர் நிலைத்தது.

அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவர் எழுதி வைத்தார், பெயர் நின்றது. நாம் என்ன செய்கிறோம்?

சித்த மருத்துவ நூல்கள் இந்த இலையின் குணங்களைப் பேசுகின்றன. ஆனால் நம் தோட்டப்புறப் பாட்டிமார்களின் கைப்பக்குவம் எந்த ஏட்டில் இருக்கிறது? காய்ச்சல் விட்டபின் வாய்க்கசப்பு நீங்க, என் பாட்டி இஞ்சியும் புளியும் சேர்த்துக் கறிவேப்பிலைத் துவையல் அரைப்பார். அளவு கேட்டால், "ஒரு கைப்பிடி" என்பார். தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்கள் கொல்லைப்புற மரத்தோடு அந்தக் கைப்பிடிக் கணக்கையும் அங்கேயே விட்டு வந்தன.

பாட்டி சொன்னதெல்லாம் மருந்து என்று நான் வாதிடவில்லை. நரை மறையும், நீரிழிவு தீரும் என்று பரப்புவோரை நம்பி மருத்துவரின் மாத்திரையை நிறுத்துவது பேதைமை. ஆனால், எழுதி வைத்தால்தானே எது மெய், எது மிகை என்று நாளை ஆராய முடியும்? நம்மிடையே மருத்துவம், வேளாண்மை, வேதியியல் பயில்வோர் இல்லையா?

நண்பர்களே, பொங்கல் விழாவில் தமிழை மணக்க மணக்கத் தாளித்துவிட்டு மறுநாள் ஒதுக்கினால், மொழியும் கறிவேப்பிலைதான். இந்த விடுமுறையில் ஆளுக்கொரு மூத்தவரிடம் கேட்டு, ஓர் இலையின் பயனைத் தமிழில் எழுதி வாருங்கள். அவர் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். அவற்றைத் தொகுத்து வெளியிடுவது மொழிக் கழகத்திற்குப் பெரிய செலவன்று.

கறிவேப்பிலை விதையைப் பழுத்தவுடன் விதைக்க வேண்டும், காயவிட்டால் முளைக்காது. பாட்டிமார் சொல்லும் அப்படியே.