நடிப்பு என்று சொல்வது யார்?

யுத்தத்திலிருந்து ஊர் திரும்பிய சிப்பாய் நடுராத்திரியில் அலறி எழுகிறான். வெடிச் சத்தம் கேட்டால் தரையில் விழுகிறான். இதற்கு மேட்டுக்குடியார் வைத்த பெயர் கோழைத்தனம், நடிப்பு. காய்ச்சலில் கிடக்கும் தொழிலாளியை மேஸ்திரி சொல்லுகிற அதே வார்த்தை!

1915-லேயே சார்லஸ் மையர்ஸ் என்ற டாக்டர் இந்த நோயைப் பற்றி ‘ஷெல் ஷாக்’ என்று வைத்தியப் பத்திரிகையில் எழுதிவிட்டார். ஆனாலும் ஓடிப்போனது, கோழைத்தனம் முதலிய குற்றங்களைச் சாட்டி, பிரிட்டிஷ் ராணுவம் அந்த யுத்தத்தில் தன் ஆட்கள் 306 பேரைச் சுட்டுக் கொன்றது. 2006-ல் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கினார்களாம். யார் யாரை மன்னிப்பது?

வைத்தியத்திலும் வர்க்க பேதம்தான். அதிகாரிகளுக்கு எடின்பரோவில் கிரெய்க்லாக்கார்ட் ஆஸ்பத்திரி. அங்கே ரிவர்ஸ் என்ற டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசினார். வாய் பேச முடியாமல் போன சாதாரணச் சிப்பாய்க்கு லண்டனில் யீலண்ட் என்ற டாக்டர் செய்தது என்ன? அறையைப் பூட்டி, நாற்காலியில் கட்டி, தொண்டையில் மின்சாரம் பாய்ச்சினார். 1918-ல் அதைப் பெருமையோடு புத்தகமாகவும் போட்டார்.

வியட்நாம் யுத்தத்துக்கு அமெரிக்காவில் ஆள் பிடித்தபோது, காலேஜ் படிப்பைக் காட்டி வசதியுள்ளவன் ஒதுங்கினான். உழைப்பாளி வீட்டுப் பிள்ளை போனான். திரும்பியவர்களில் யுத்தத்தை எதிர்த்தவர்கள் 1970 முதல் நியூயார்க்கில் தாங்களே கூடி மனம் விட்டுப் பேசினார்கள். லிஃப்டன், ஷாட்டன் என்ற இரு டாக்டர்கள் துணை நின்றனர். இவர்கள் விடாமல் போராடிய பிறகே, 1980-ல் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் இதை நோய் என்று ஏட்டில் ஏற்றியது.

1988-ல் வெளிவந்த ஆய்வு, வியட்நாம் போய் வந்த ஆண்களில் 100-க்கு 15 பேருக்கு இன்னும் அந்த நோய் இருப்பதாகச் சொன்னது. பென்ஷனுக்காகப் பொய் சொல்கிறார்கள் என்று கூச்சல் எழுந்தது. 2006-ல் டோரன்வென்ட் குழுவினர் ராணுவத்தின் சொந்த ஏடுகளோடு ஒப்பிட்டார்கள். அளவையை இறுக்கியதால் கணக்கு 9-ஆக இறங்கியது, உண்மைதான். ஆனால் பொய் சொன்னதற்கு அநேகமாக ஆதாரமே அகப்படவில்லை! (குண்டு விழுந்த வயலில் நின்ற வியட்நாம் விவசாயி இந்த இரண்டு கணக்கிலும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.)

நாம் விஞ்ஞானத்தை எதிர்க்கவில்லை. இன்று 20 கேள்வி கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க் போட்டு நோயை மதிப்பிடுகிறார்கள். நடுங்க வைத்த சம்பவத்தைத் தேர்ந்த வைத்தியரிடம் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்ல அதன் பிடி தளர்கிறது. நடுவில் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. எனினும் பலர் குணமடைகிறார்கள். தராசு நல்லதே. அதைப் பிடிப்பது யார் என்பதுதான் நமது கேள்வி.

2012-ல் வாஷிங்டன் மாநிலத்து மாடிகன் ராணுவ ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பாருங்கள். ஒரு சிப்பாய்க்கு இந்த நோய் என்று எழுதினால் அவன் ஆயுளில் 15 லட்சம் டாலர் செலவாகும் என்று ஒரு டாக்டர் சக டாக்டர்களை எச்சரித்தது அம்பலமாயிற்று. முன்பு நோய் என்று எழுதப்பட்டிருந்ததை அங்கிருந்த குழு பலருக்கு அடித்துவிட்டிருந்தது. சிப்பாய்கள் முறையிட்டார்கள், விஷயம் செனட் வரை போயிற்று. மறுபரிசோதனையில் 100-க்கு மேற்பட்டோருக்கு நோய் இருப்பதாக ராணுவமே மறுபடி எழுத வேண்டியதாயிற்று.